செப்பு அணைவு பாக்டீரியாவைக் கொல்கிறது. அப்புறம் ஏன் ஒன்றுகூட மருந்தாகவில்லை?

#1 பச்சைத்தூள்

எல்லாருக்கும் வணக்கம். முதுகலை வேதியியல் இரண்டாம் ஆண்டு, ப்ராஜெக்ட் நேரம். சாலிசிலால்டிஹைடையும் ஒரு அமீனையும் சேர்த்து ஷிஃப் காரம் செய்தேன், நல்ல மஞ்சள் படிகம். அதன் எத்தனால் கரைசலில் காப்பர் அசிட்டேட்டை ஊற்றினேன். அரை நிமிடத்தில் மஞ்சள் போய்க் கரும்பச்சை வந்து, அடியில் தூளாக இறங்கியது. அகச்சிவப்பு நிறமாலையில் இமீன் (கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு) பட்டை நகர்ந்திருக்கிறது, அதனால் அணைவு (உலோகமும் அதைப் பிடித்த மூலக்கூறும் சேர்ந்தது) உருவாகிவிட்டது என்று சொல்லலாம்.

நுண்ணுயிர்த் துறையில் கொடுத்து அகார் தட்டில் வைத்துப் பார்த்தார்கள். 6 மில்லிமீட்டர் வட்டு. ஈனிக்கு, அதாவது உலோகத்தைப் பிடிக்கும் அந்த ஷிஃப் காரத்துக்கு, கிருமி வளராத வளையம் 9 மில்லிமீட்டர், செப்பு அணைவுக்கு 17. "ட்வீடியின் கொடுக்கிணைப்புக் கொள்கைப்படி அணைவின் வீரியம் கூடுகிறது, மருந்தாகும் வாய்ப்பு உண்டு" என்று எழுதச் சொல்கிறார் வழிகாட்டி.

எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. படித்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் இதே வாக்கியம்தான் முடிவுரை, வார்த்தைகூட மாறவில்லை. இத்தனை வருடமாக இத்தனை பேர் "மருந்தாகும் வாய்ப்பு" என்று எழுதியும், செப்பு ஷிஃப் காரம் ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்து நான் கேள்விப்பட்டதில்லை. எங்கே இடிக்கிறது?

#2 பழைய_பீக்கர்

நல்ல உறுத்தல், விட்டுவிடாதே. முதலில் ஒரு கேள்வி தம்பி. வெறும் காப்பர் அசிட்டேட்டை அதே மோல் அளவில் ஒரு வட்டில் வைத்துப் பார்த்தாயா? கரைப்பானான டிஎம்எஸ்ஓவை மட்டும் வைத்த வட்டு இருந்ததா?

#3 பச்சைத்தூள்

தங்கச்சி, சார் :) டிஎம்எஸ்ஓ வட்டு இருந்தது, வளையமே இல்லை. உப்பை மட்டும் வைக்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

#4 பழைய_பீக்கர்

மன்னிக்கணும்மா. உப்பை வைத்துப் பார், கதையில் பாதி அதிலேயே தெரிந்துவிடும். செம்பு அயனி தனியாகவே கிருமியைக் கொல்லும். அணைவு கொன்றதா, அதிலிருந்து கழன்ற செம்பு கொன்றதா என்பது உன் 17 மில்லிமீட்டரில் தெரியாது.

ட்வீடி விஷயம். உலோகத்தின் நேர்மின்சுமையை ஈனியிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்கின்றன. அயனியின் முனைவுத்தன்மை குறைந்து கொழுப்பில் கரையும் குணம் கூடுகிறது. அதனால் செல் சவ்வைச் சுலபமாகத் தாண்டுகிறது. இதுதான் வாதம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது, நானும் முப்பது வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அகார் பெரும்பாலும் தண்ணீர். கொழுப்பை விரும்பும் பொருள் அதில் பரவத் தயங்கி வட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். கொழுப்பில் கரையும் குணம் கூடியதால்தான் வீரியம் என்றால் வளையம் சிறுத்திருக்கலாம். பெரிதாகிவிட்டது என்பதே, தண்ணீரில் ஓடக்கூடிய எதுவோ ஒன்று ஓடியிருக்கிறது என்று சந்தேகப்பட வைக்கிறது.

வளையத்தை அளப்பதை விட்டுவிட்டு, கிருமியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவைத் திரவ ஊடகத்தில் பார். உப்பு, ஈனி, அணைவு மூன்றுக்கும் ஒரே மோல் கணக்கு. மில்லிகிராமில் ஒப்பிட்டால் ஏமாந்துபோவாய், மூலக்கூறு எடை வேறு வேறு.

உன் பெரிய கேள்விக்கு என் பதில் இது. உலோகத்தைப் பிடிக்கும் ஈனி ஆயிரம் கிடைக்கும். ரத்தத்தில் பிடித்துக்கொண்டே போய், சேர வேண்டிய இடத்தில் மட்டும் விடுவதுதான் கஷ்டம். சில வேலைகளில் கடைசிவரை விடவே கூடாது. மருந்தாக நிலைத்த அணைவு எதை எடுத்தாலும் இந்தப் பிடியும் விடுதலும் ஏதோ ஒரு வகையில் சரியாக அமைந்திருக்கும்.

#5 சந்தேகப்பேர்வழி

நான் வேதியியல்காரன் இல்லை. உலோகம் என்றாலே உடம்புக்கு விஷம் என்றுதானே சொல்கிறார்கள்? காரீயம், பாதரசம், ஆர்சனிக். அதை எந்தக் கரிமப் பொருளில் சுற்றிக் கொடுத்தால் என்ன?

#6 பழைய_பீக்கர்

உங்கள் ரத்தம் சிவப்பாக இருப்பதே ஓர் இரும்பு அணைவால்தான். ஹீம் என்ற அந்த அணைவில் பார்ஃபைரின் வளையத்தின் நான்கு நைட்ரஜன்கள் இரும்பைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன, ஐந்தாவதாகப் புரதத்தின் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம். ஆறாவது இடம் ஆக்சிஜன் வந்து உட்கார்ந்து எழுந்து போவதற்கு. வேடிக்கை என்னவென்றால், புரதத்தை எடுத்துவிட்டு வெறும் ஹீமைத் தண்ணீரில் போட்டால் ஆக்சிஜன் பட்டவுடன் இரும்பு ஆக்சிஜனேற்றமடைந்து மூன்றாம் நிலைக்குப் போய்விடும், அப்புறம் சுமக்காது. புரதம் அதை ஒரு பைக்குள் ஒளித்து வைப்பதால்தான் ஒவ்வொரு மூச்சிலும் வேலை நடக்கிறது. பெருட்ஸும் கெண்ட்ரூவும் இந்தப் புரதங்களின் வடிவத்தைக் கண்டுபிடித்துத்தான் 1962-இல் நோபல் வாங்கினார்கள்.

பி12 வைட்டமின் ஒரு கோபால்ட் அணைவு. அதன் அமைப்பை எக்ஸ்ரே படிகவியலால் தீர்த்த டோரதி ஹாட்ஜ்கினுக்கு 1964-இல் நோபல். ஆக உலோகமா இல்லையா என்று கேட்பதில் பயனில்லை, அது யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

#7 மருந்துப்பெட்டி

புற்றுநோய்ப் பிரிவில் மருந்து கலக்கும் மருந்தாளுநர் நான். பீக்கர் ஐயா சொன்ன "பிடியும் விடுதலும்" தினமும் என் மேசையில் நடக்கிறது.

சிஸ்பிளாட்டின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1845-இல் பெய்ரோன் செய்த உப்பு, நூறு வருடத்துக்கு மேல் அலமாரியில் கிடந்தது. 1960-களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க், மின்புலம் செல் பிரிவைப் பாதிக்கிறதா என்று பார்க்க ஈ.கோலை பாக்டீரியா வளரும் திரவத்தில் பிளாட்டினம் மின்முனைகளை வைத்தார். பாக்டீரியா பிரியாமல் நூல் நூலாக நீண்டுகொண்டே போனது. மின்புலத்துக்கு அதில் பங்கில்லை என்று பிறகு தெரிந்தது. "கரையாத" பிளாட்டினம் கொஞ்சம் கரைந்து, ஊடகத்திலிருந்த அம்மோனியம் குளோரைடோடு சேர்ந்து அணைவாகியிருந்தது. 1965-இல் கட்டுரை, 1978-இல் அமெரிக்காவில் அனுமதி. விந்தகப் புற்றுநோயில் அது கொண்டுவந்த மாற்றத்தைச் சொல்லவே வேண்டாம்.

சூட்சுமம் குளோரைடில். ரத்தத்தில் குளோரைடு சுமார் 100 மில்லிமோலார், அதனால் பிளாட்டினத்தின் மேலுள்ள இரண்டு குளோரைடும் அசையாமல் இருக்கும். செல்லுக்குள் அந்த அளவு பல மடங்கு குறைவு. அங்கே குளோரைடு கழன்று தண்ணீர் வந்து உட்காரும். தண்ணீரைத் தள்ளிவிட்டு டி.என்.ஏ.விலுள்ள குவானினின் 7-ஆம் நைட்ரஜன் வந்து பிடிக்கும். பக்கத்துப் பக்கத்துக் குவானின் இரண்டையும் பிடித்ததும் இழை வளைந்துவிடும். இரண்டு குளோரைடும் எதிரெதிர்ப் பக்கம் இருக்கிற டிரான்ஸ் மாற்றியத்தால் இந்தப் பிணைப்பைப் போட முடியாது, மருந்தாகவும் ஆகவில்லை. அதே அணுக்கள்தான், உட்காரும் இடம்தான் வேறு.

#8 சந்தேகப்பேர்வழி

சின்னத் திருத்தம். இந்த விவாதம் கரிமப் பொருள் ஈனியாக இருக்கும் அணைவுகளைப் பற்றியது. நீங்கள் சொன்ன சிஸ்பிளாட்டினில் அம்மோனியாவும் குளோரைடும்தானே? இப்போதுதான் தேடிப் படித்தேன் :)

#9 மருந்துப்பெட்டி

பிடித்துவிட்டீர்கள். கரிமம் அடுத்த தலைமுறையில் வருகிறது, அது ஏன் வந்தது என்பதுதான் சுவாரசியமே.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தை அடிக்கும், காதை அடிக்கும், வாந்தி தாங்காது. முன்னும் பின்னும் லிட்டர் கணக்கில் உப்புத் திரவம் ஏற்றித்தான் கொடுக்கிறோம். கார்போபிளாட்டினில் இரண்டு குளோரைடுக்குப் பதில் ஒரே டைகார்பாக்சிலேட் ஈனி இரண்டு கையாலும் பிடித்திருக்கிறது. ஒரு கை விட்டாலும் மறு கை இருப்பதால் கழல நேரமாகும். சிறுநீரகம் பெரும்பாலும் தப்பிக்கும், ஆனால் எலும்பு மஜ்ஜை அடிவாங்கித் தட்டணுக்கள் இறங்கும். அது சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை வைத்துத்தான் அளவைக் கணக்கிடுகிறோம்.

ஆக்சாலிபிளாட்டினில் கழலும் ஈனி ஆக்சலேட், கழலாமல் தங்கும் ஈனி டைஅமினோசைக்ளோஹெக்சேன். சிஸ்பிளாட்டின் எடுபடாத பெருங்குடல் புற்றுநோயில் இது வேலை செய்கிறது. விலையாக, நோயாளி குளிர்ந்த கம்பியைத் தொட்டாலே விரல் நுனியில் முள் குத்துவதுபோல் இருக்கும் என்பார்கள்.

ஒரே குடும்பம், நடத்தும் விதம் மட்டும் நேர்மாறு. சிஸ்பிளாட்டினை உப்புத் திரவத்தில்தான் கலக்க வேண்டும், குளோரைடு இருந்தால்தான் நிற்கும். ஆக்சாலிபிளாட்டினை உப்புத் திரவத்தில் கலக்கவே கூடாது, குளோரைடு வந்து ஆக்சலேட்டைத் தள்ளிவிடும். அதற்கு 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். காரணம் புரிந்த நாளிலிருந்து மனப்பாடம் தேவைப்படவில்லை. அப்புறம் சிஸ்பிளாட்டின் பக்கத்தில் அலுமினிய ஊசி வரக்கூடாது. அலுமினியம் பிளாட்டினத்தை உலோகமாக்கிக் கறுப்பாக இறக்கிவிடும்.

பச்சைத்தூள் அவர்களுக்கு ஒரு குறிப்பு. கட்டுரைகளில் "எங்கள் அணைவு சிஸ்பிளாட்டினைவிட வீரியமானது" என்று பார்த்தால், சிஸ்பிளாட்டினை எதில் கரைத்தார்கள் என்று செய்முறைப் பகுதியில் தேடுங்கள். டிஎம்எஸ்ஓ என்றிருந்தால் அந்த ஒப்பீட்டை நம்பாதீர்கள். டிஎம்எஸ்ஓவின் கந்தகம் குளோரைடைத் தள்ளிவிட்டுப் பிளாட்டினத்தில் உட்கார்ந்துகொள்ளும், வீரியம் போய்விடும். செத்த பாம்பை அடித்த கதைதான்.

#10 பச்சைத்தூள்

இது எனக்கு யாரும் சொன்னதே இல்லை. இப்போதே மூன்று கட்டுரைகளைத் திறந்து பார்த்தேன். இரண்டில் டிஎம்எஸ்ஓ, ஒன்றில் எதுவுமே எழுதவில்லை.

#11 குழாய்மூடி

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். மருந்தாக இல்லாவிட்டாலும், மருத்துவத்தில் அதிகம் புழங்கும் ஈனி எது என்று கேட்டால் நான் ஊதா மூடிக் குழாயைத்தான் காட்டுவேன். உள்சுவரில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஈடிடிஏ உப்பு. நான்கு கார்பாக்சிலேட், இரண்டு நைட்ரஜன், ஆறு கையால் கால்சியத்தைக் கட்டிப் பிடித்துவிடும். கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். பொட்டாசியம் 9.8 என்று வந்தது. அந்த அளவில் இதயம் நிற்கலாம். வார்டில் அவசர மருந்தை எடுத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் கால்சியத்தைப் பார்த்து உதைத்தது, 4-க்குக் கீழே. அல்கலைன் பாஸ்ஃபடேஸும் பாதாளத்தில். போன் போட்டு "நோயாளி எப்படி இருக்கிறார்?" என்று கேட்டேன். "படுக்கையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்" என்றார்கள்.

நடந்தது இதுதான். மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் போதவில்லை என்று ஊதாக் குழாயிலிருந்து கொஞ்சம் சாய்த்து ஊற்றியிருக்கிறார்கள். ஈடிடிஏ பொட்டாசியம் உப்பாக வருவதால் பொட்டாசியம் ஏறியது. கால்சியத்தைப் பிடித்துவிட்டதால் கால்சியம் இறங்கியது. அல்கலைன் பாஸ்ஃபடேஸ் நொதிக்குத் துத்தநாகமும் மக்னீசியமும் வேண்டும், அவற்றையும் ஈடிடிஏ வாரிக்கொண்டதால் நொதியும் முடங்கியது. மூன்றும் சேர்ந்து தப்பாக வந்தால் நோயாளியைச் சந்தேகிக்காதே, குழாயைச் சந்தேகி என்று இப்போது புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பொட்டாசியம் 4.1.

#12 வழிப்போக்கன்

அப்படியானால் ஈடிடிஏவை நேரடியாக ரத்தத்தில் ஏற்றினால் உடம்பிலுள்ள கன உலோகம் எல்லாம் வெளியே வந்துவிடும்தானே? எனக்குத் தெரிந்த ஒருவர் பத்து முறை ஏற்றிக்கொண்டார். சிறுநீரில் காரீயம் கூடியதைப் பரிசோதனையில் காட்டினார்கள். அவருக்கு ரத்தக்குழாய் அடைப்பும் கரையும் என்றார்களாம்.

#13 மருந்துப்பெட்டி

இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஈனிக்கு நல்ல உலோகம் கெட்ட உலோகம் தெரியாது. ரத்தத்தில் அதிகம் இருப்பது கால்சியம், போனதும் அதைத்தான் பிடிக்கும். அதனால்தான் காரீய நஞ்சுக்குக் கொடுக்கும் மருந்து கால்சியம் டைசோடியம் ஈடிடிஏ. கால்சியத்தை ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டு போகும். காரீயத்தைக் கண்டால் கால்சியத்தை விட்டுவிட்டு அதைப் பிடிக்கும், காரீயத்தின் மேல் அதற்குப் பிடி கோடி மடங்குக்கும் அதிகம். பெயரில் "கால்சியம்" இல்லாத டைசோடியம் ஈடிடிஏ வேறு பொருள். அதை மாற்றி ஏற்றியதால் ரத்தக் கால்சியம் சரிந்து இதயம் நின்று, 2003-க்கும் 2005-க்கும் இடையில் அமெரிக்காவில் குழந்தைகள் உட்பட உயிர்கள் போயிருக்கின்றன. ஒரே ஒரு சொல்லில் உயிர் போயிருக்கிறது.

சிறுநீர்ச் சோதனை விஷயம். ஈடிடிஏ ஏற்றினால் யாருக்கும் சிறுநீரில் காரீயம் கூடத்தான் செய்யும். எல்லார் எலும்பிலும் துளி இருக்கிறது, அதை இழுத்து வருகிறது. ஏற்றிய பிறகு எடுத்த சிறுநீரை, ஏற்றாதவர்களின் அளவோடு ஒப்பிட்டால் எல்லாருமே நஞ்சேறியவர்களாகத் தெரிவார்கள்.

அடைப்புக்கு இது உதவுமா என்று பெரிய ஆய்வே நடந்தது. டாக்ட் என்ற முதல் ஆய்வு 2013-இல் வந்தது, மாரடைப்பு வந்தவர்களிடம் சிறிய பலன் தெரிந்தது, அதுவும் முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகளிடம். நான்கூட ஆச்சரியப்பட்டேன். அதைச் சரிபார்க்கச் சர்க்கரை நோயாளிகளை மட்டும் வைத்து இரண்டாம் ஆய்வு செய்தார்கள், 2024-இல் முடிவு வந்தது. ரத்தத்தில் காரீயம் நன்றாகக் குறைந்தது, இதயத்துக்குப் பலன் இல்லை.

உங்கள் நண்பரைத் தன் மருத்துவரிடம் கால்சியமும் சிறுநீரகமும் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

#14 வழிப்போக்கன்

சொல்கிறேன். பெயரில் கால்சியம் இருந்ததா என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது.

#15 குழாய்மூடி

உலோகத்தை வெளியேற்றுவது நிஜமாகவே உயிர் காக்கும் இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடலாம். தலசீமியாக் குழந்தைகள். மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு பையில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. உடம்பு ஒரு நாளில் வெளியேற்றுவது ஓரிரு மில்லிகிராம்தான், கூடுதலை வெளியேற்ற வழியே இல்லை. ஈரலிலும் இதயத்திலும் சேர்ந்துகொண்டே போகும்.

டெஃபராக்சமைன் என்ற ஈனி ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியாவிடமிருந்து வந்தது, மண்ணில் இரும்பைத் திருட அது வைத்திருந்த கருவி. ஒரு மூலக்கூறு ஆறு கையாலும் ஓர் இரும்பைப் பிடிக்கும். ஆனால் வாயால் கொடுத்தால் ஏறாது, ரத்தத்திலும் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அதனால் வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி செருகி, சின்ன பம்ப்பை இடுப்பில் கட்டி, ராத்திரி எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஐந்து ராத்திரிக்குக் குறையாமல். வளர்ந்த பிள்ளைகள் பலர் இதிலேயே வெறுத்துப்போய் விட்டுவிடுவார்கள். மாத்திரையாக வரும் டெஃபிரிப்ரோனும் டெஃபராசிராக்ஸும் வந்த பிறகு எவ்வளவோ பரவாயில்லை. முதலாவது மூன்று சேர்ந்து ஓர் இரும்பைப் பிடிக்கும், இரண்டாவது இரண்டு சேர்ந்து.

#16 ஆறுமணிநேரம்

என் புனைப்பெயரைப் பார்த்தாலே வேலை தெரிந்துவிடும், டெக்னீசியம்-99எம் ஐசோடோப்பின் அரை ஆயுள். அணுமருத்துவப் பிரிவு.

இதுவரை விடுவதைப் பற்றிப் பேசினீர்கள். எங்கள் பக்கம் விட்டால் கெட்டது. எலும்பு ஸ்கேனுக்கு ஒரு குப்பியில் உறைந்து உலர்ந்த ஈனித் தூள் வரும், கூடவே துளி ஸ்டானஸ் குளோரைடு, அதாவது வெள்ளீய உப்பு. டெக்னீசியம் ஜெனரேட்டரிலிருந்து கறந்த பெர்டெக்னிட்டேட்டை (டெக்னீசியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அயனி) அதில் செலுத்தினால் வெள்ளீயம் அதை ஒடுக்கும். ஒடுங்கிய டெக்னீசியத்தை ஈனி பிடிக்கும், அணைவு எலும்புக்குப் போகும். குப்பிக்குள் காற்று போய்விட்டால் வெள்ளீயம் வீணாகிவிடும், டெக்னீசியம் ஒடுங்காமல் சும்மா சுற்றும். ஊசி போடும்வரை எதுவும் தெரியாது. மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுத்தால் எலும்போடு சேர்ந்து கழுத்தில் தைராய்டும் வயிற்றில் இரைப்பையும் பளிச்சென்று உட்கார்ந்திருக்கும். உடம்பு பெர்டெக்னிட்டேட்டை அயோடைடு என்று நினைத்து இழுத்துக்கொள்கிறது. ஒருமுறை பட்ட பிறகு, சின்னக் காகிதப் பட்டையில் குரோமட்டோகிராம் ஓட்டிப் பார்க்காமல் ஒரு குப்பியைக்கூட நான் வெளியே விடுவதில்லை.

எம்.ஆர்.ஐ.க்குப் போடும் கடோலினியம் இதைவிடப் பெரிய பாடம். ஏழு தனித்த எலக்ட்ரான் இருப்பதால் பக்கத்திலுள்ள நீரின் சிக்னலையே மாற்றிவிடும். ஆனால் தனி அயனியாக நஞ்சு, கால்சிய அயனியின் பருமனிலேயே இருப்பதால் அதன் வேலையில் குறுக்கிடும். அதனால் எட்டுக் கையால் கட்டிக் கொடுக்கிறார்கள். ஒன்பதாவது இடம் மட்டும் நீருக்கு. 1988-இல் அனுமதி பெற்ற முதல் மருந்தின் ஈனி டிடிபிஏ, திறந்த சங்கிலி. நிலைப்புத்தன்மை மாறிலி, அதாவது பிடி எவ்வளவு இறுக்கம் என்பதன் அளவு, 10-இன் அடுக்கு 22. காகிதத்தில் பார்த்தால் அசைக்கவே முடியாது.

சிறுநீரகம் நன்றாக இருந்தால் அது ஒன்றரை மணி நேர அரை ஆயுளில் வெளியேறிவிடும், பிரச்சினை இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் முப்பது மணி நேரத்துக்கு மேல் தங்கியது. அவ்வளவு நேரம் இருந்தால் துத்தநாகம் வந்து ஒரு கையை எடுக்கும், இன்னொன்று இன்னொரு கையை எடுக்கும், சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும். தோல் இறுகி, மூட்டு மடங்க முடியாமல்போன நோயாளிகளை 1997 முதல் பார்த்தார்கள். கடோலினியம்தான் காரணம் என்று தொடர்புபடுத்த 2006 ஆயிற்று. பிறகு டோட்டா மாதிரி மூடிய வளைய ஈனிக்கு மாறினார்கள். 2017-இல் ஐரோப்பாவில் சங்கிலி வகை பெரும்பாலானவற்றை நிறுத்தியே விட்டார்கள்.

சமநிலை மாறிலி ஒன்று, கழலும் வேகம் வேறொன்று. டோட்டா வளையத்துக்குள் உலோகம் நுழையவே அடம் பிடிக்கும். லுட்டீசியம்-177 ஐசோடோப்பை அதில் ஏற்ற 80, 90 டிகிரியில் அரை மணி சூடு பண்ண வேண்டியிருக்கிறது. ஆனால் நுழைந்துவிட்டால் அந்தக் கதிரியக்கம் கட்டியில் போய்ச் சேரும்வரை வெளியே வராது.

#17 பழைய_பீக்கர்

கடைசிப் பத்தியை என் பழைய வகுப்புக் குறிப்பில் சேர்த்திருப்பேன். வெப்ப இயக்கவியலையும் வேகவியலையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்ளாத வருடமே கிடையாது.

#18 சந்தேகப்பேர்வழி

தங்கம்? வெள்ளி? பிஸ்மத்?

#19 மருந்துப்பெட்டி

தங்கம் உண்டு. ஆரனோஃபின், தங்கத்தை ஒரு பாஸ்ஃபீனும் ஒரு கந்தகச் சர்க்கரையும் பிடித்த அணைவு. முடக்குவாதத்துக்கு 1985-இல் அமெரிக்க அனுமதி, இன்று அபூர்வம். பிஸ்மத் சிட்ரேட், வயிற்றிலுள்ள ஹெலிகோபாக்டர் பாக்டீரியாவுக்கு. மலம் கறுத்துப் போனால் ரத்தம் என்று பயப்படுவார்கள், அது பிஸ்மத் சல்ஃபைடு. வெள்ளி சல்ஃபாடையசின், தீப்புண் களிம்பு.

பச்சைத்தூள் இன்னொரு கோணத்தையும் யோசிக்கலாம். உலோகமே இல்லாத மாத்திரை, உள்ளே போய் அணைவாகிறது. கேப்டோப்ரிலின் கந்தகம், ரத்த அழுத்தத்தை ஏற்றும் நொதியிலுள்ள துத்தநாகத்தைப் பிடிக்கிறது. அசிட்டசோலமைடும் அப்படித்தான், வேறொரு துத்தநாக நொதியில். எச்.ஐ.வி.க்கான டோலுடெக்ராவிர், வைரஸ் நொதியிலுள்ள இரண்டு மக்னீசியம் அயனிகளை ஒரே சமயத்தில் பிடிக்கிறது. அதனால்தான் மக்னீசியமோ அலுமினியமோ உள்ள அமிலநீக்கி மருந்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ அதைச் சாப்பிடச் சொல்கிறோம், இல்லையென்றால் வயிற்றிலேயே அணைவாகி வெளியே போய்விடும். டெட்ராசைக்ளினைப் பாலோடு விழுங்கக்கூடாது என்பதற்கும் இதேதான் காரணம்.

தலைகீழாகவும் உண்டு. தீவிபத்துப் புகையில் சயனைடு நஞ்சேறியவர்களுக்கு ஹைட்ராக்சோகோபாலமின் (பி12-இன் இன்னொரு வடிவம்) 5 கிராம் ஏற்றுவோம். கோபால்ட் தன்னிடமுள்ள ஹைட்ராக்சைடை விட்டுச் சயனைடைப் பிடித்துக்கொள்ளும், உருவாவது சாதாரண பி12 வைட்டமின். சிறுநீர் சிவந்து, தோல் சிவந்து நோயாளி பார்க்கவே பயமாக இருப்பார். நிறம் டயாலிசிஸ் இயந்திரத்தையே ஏமாற்றும், ரத்தம் கசிகிறது என்று அலாரம் அடிக்கும்.

#20 குழாய்மூடி

எங்கள் இயந்திரங்களையும்! நிறத்தை வைத்து அளக்கும் சோதனைகள் எல்லாம் தாறுமாறாக வரும். ஹைட்ராக்சோகோபாலமின் ஏற்றுவதற்கு முன்பே ஒரு குழாய் ரத்தம் எடுத்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

#21 பழைய_பீக்கர்

பச்சைத்தூள், உன் அணைவை ரத்தத்தில் விட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார். இமீன் பிணைப்பு அமிலத்தில் நீராற்பகுப்பு அடையும், எனவே வயிற்றைத் தாண்டுவதே சந்தேகம். தாண்டினால் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் காத்திருக்கிறது. அதன் சங்கிலியின் அமீன் முனையில் மூன்றாவதாக ஒரு ஹிஸ்டிடின், அந்த இடம் இரண்டாம் நிலைச் செம்புக்கென்றே செய்தது மாதிரி. அதிலும் தப்பிச் செல்லுக்குள் போனால் குளூட்டாதையோன், மில்லிமோலார் கணக்கில். செம்பை முதல் நிலைக்கு ஒடுக்கி, ஈனியிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். பாக்டீரியாத் தட்டில் இவை எதுவும் உன் அணைவைச் சோதிக்கவில்லை.

உன்னிடம் நிறமாலைமானி இருக்கிறதல்லவா? அணைவை பிஎச் 7.4 பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) போட்டு ஒரு நாள் பார். பிறகு ஆல்புமின் சேர்த்துப் பார். செலவு ஒன்றும் இல்லை.

#22 பச்சைத்தூள்

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மறுபடி தட்டு வைத்தார்கள். எல்லாம் ஒரே மோல் அளவு. ஈனி 9. அணைவு 17. காப்பர் அசிட்டேட் மட்டும் 16.

வழிகாட்டியிடம் காட்டினேன். ஒரு நிமிடம் பேசவில்லை. "அந்த வரிசை அட்டவணையில் இருந்தே ஆகணுமா?" என்று கேட்டார். இருக்கட்டும் சார் என்றேன். சரி என்றுவிட்டார், கோபம் மாதிரி தெரியவில்லை.

அப்புறம் ஆல்புமின். மாட்டு ரத்த ஆல்புமின்தான் கிடைத்தது. பஃபரில் மட்டும் வைத்தபோது ஆறு மணி நேரம் அப்படியே பச்சையாக இருந்தது, லேசாகக் கலங்கியது. ஆல்புமின் கரைசலில் சேர்த்து, செல்லை (கரைசலை ஊற்றி வைக்கும் சின்னக் குப்பி) மானியில் வைத்துவிட்டுப் பதிவேட்டில் நேரம் எழுதித் திரும்பினேன். பச்சை வெளுத்துக்கொண்டிருந்தது. இருபது நிமிடத்தில் மங்கிய ஊதா. பட்டை 525 நானோமீட்டர் பக்கத்தில் வந்து நிற்கிறது. என் அணைவில் அந்த இடத்தில் எதுவும் கிடையாது.

#23 பழைய_பீக்கர்

பஃபர் எது? ட்ரிஸ் என்றால் அதுவும் செம்பைப் பிடிக்கும், குழப்பும்.

#24 பச்சைத்தூள்

பாஸ்ஃபேட், சார். ட்ரிஸ் பாட்டில் பக்கத்திலேயே இருந்தது, ஏனோ எடுக்கவில்லை.

#25 பழைய_பீக்கர்

அப்படியானால் அந்த ஊதா ஆல்புமினுடையதுதான். காப்பர் அசிட்டேட்டையும் அதே ஆல்புமினில் போட்டு ஒரு நிறமாலை எடு, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்காருகிறதா பார்ப்போம். படத்தை இங்கேயே ஏற்று.

#26 மருந்துப்பெட்டி

ஊதாவான செல்லையும் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.